சம்பந்தி மடியில் காபி கொட்டிய விவரம்

லாஹ்தி

அன்புள்ள ஹில்க்கா அக்காவுக்குத் தம்பி ஐமோ எழுதுவது. இங்கே நானும் பனியும் நலம்; அங்கே நீயும் அத்தானும் கல்யாணப்பெண் வென்லாவும் சுகமென்றே நம்புகிறேன்.

சம்பந்தி ரெய்யோ உன்னிடம் ஏதேதோ சொல்லியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்தில் எங்கள் தொழிற்சாலைக் கோப்பை, சூடான காபி பட்டதும் பாதிரியார் கையில் வாடிய கீரை போலத் தலை சாய்த்ததே, அது என் குற்றமில்லை. மக்காச்சோள மாவிலிருந்து செய்யும் அந்தப் பிளாஸ்டிக்குக்குச் சோம்பல் ஜாஸ்தி. அச்சில் ஆறும்போது அதன் இழைகள் வரிசையாக அமைந்து படிகமாக வேண்டும்; அதற்குள் அச்சு திறந்துவிடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்து பிர்க்கோ ஒரு வழி சொன்னாள்: கண்ணுக்கே தெரியாத நானோ களிமண் துகளை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால், ஒவ்வொரு துகளையும் பற்றிக்கொண்டு படிகம் சட்டென்று வளருமாம். வளர்ந்தது, கொதிக்கும் காபியிலும் கோப்பை நிமிர்ந்து நின்றது. ஒரு பங்குக்கே இப்படியென்றால் ஐந்து பங்குக்கு எப்படி இருக்கும் என்று எந்தப் புத்திசாலியும் நினைப்பான். நானும் நினைத்தேன், யாரிடமும் கேட்காமல் கலந்தேன், தொழிற்சாலைக்குப் பார்க்க வந்த சம்பந்திக்கு நானே காபி ஊற்றிக் கொடுத்தேன், மனுஷர் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டார், கோப்பை படக்கென்று உடைஞ்சு காபி முழுக்க அவர் மடியில, எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்து ஏலக்காய் ரொட்டித் தட்டும் அதோடு போச்சு.

"உங்க வீட்ல பொண்ணு எடுக்க இன்னும் என்னென்ன தாங்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிர்க்கோ உடைந்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தாள். துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தன. "விருந்தாளி உட்கார நாற்காலி வேணுந்தான். கூடம் முழுக்க நாற்காலியாவே போட்டா ஆளு எப்படி உள்ள வருவாங்க?" என்றாள். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மறுபடி ஒரு பங்குக்கே இறங்கி, நன்றாகக் கலக்கி வார்த்த கோப்பைகளோடு சம்பந்தி வீட்டுக்கே போனேன். அவர் கண்முன் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். தரையிலும் போட்டுக் காட்டினேன். மனுஷர் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆகவே கல்யாணம் நிற்காது. விருந்துக்கு வேண்டிய நானூறு கோப்பையும் என் பொறுப்பு. நீ நிம்மதியாகத் தூங்கு.

வென்லா நீடூழி வாழ்க. அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
ஐமோ

பி.கு.: நன்றாகப் படிகமான கோப்பை ஆறும்போது கூடுதலாகச் சுருங்குமாம், பிர்க்கோ இப்போதுதான் சொல்கிறாள். சம்பந்திக்குக் காட்டியவை தவிர மற்றதெல்லாம் அச்சை இறுகக் கட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கின்றன. திருச்சபைக் கூடத்தில் நானூறு பீங்கான் கோப்பை கேட்டு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு என்று சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லியிருக்கிறேன்.