அப்பா ஜாடை

படத்தில் சட்டை இருந்தது. காலர் இருந்தது. மேல் பட்டன்கூட இருந்தது. முகம் இருந்த இடத்தில் மழைநீர் இறங்கியிருந்தது.

"வேற படம் இல்லையா?" என்றார் ஸ்டூடியோவில் பழைய படங்களைத் திருத்தும் டச்சப்காரர்.

"ஒண்ணே ஒண்ணுதான். அம்மா நாளன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துடுவாங்க. அதுக்குள்ள சுவத்துல மாட்டியாகணும்," என்றார் படத்தைக் கொண்டுவந்தவர், அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரில் மூத்தவர்.

"முகம் எப்படி இருக்கும்?"

"அப்பா போனப்ப எனக்கு நாலு வயசு. ஆனா அப்பா ஜாடை நான்தான். எல்லாரும் சொல்வாங்க."

மூத்தவரைப் படமெடுத்து, முகத்தை மட்டும் காலருக்கு மேல் பொருத்தினார் டச்சப்காரர்.

மறுநாள் காலை தங்கை படத்தோடு வந்தார்.

"இது எங்கண்ணன். இந்தக் கிளிமூக்கு எங்க மாமாவோடது. அப்பா ஜாடை நான்."

தங்கையின் மூக்கு சப்பை. மூத்தவரின் கண்களுக்குக் கீழே அது வீடு மாறி வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

மதியம் கடைக்குட்டி வந்தார். அப்பா இறந்தபோது வயிற்றில் இருந்தவர்.

"நீங்க பார்த்ததே இல்லையே?"

"உரிச்சு வச்சிருக்குன்னு அத்தையே சொன்னாங்க. காதும் தாடையும் என்னோடதைப் போடுங்க."

போட்டார். சாயங்காலம் மூவரும் சேர்ந்து வந்து பார்த்தார்கள்.

"யாரு இது?" என்றார் தங்கை.

"போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கான்," என்றார் கடைக்குட்டி.

"மரியாதையாப் பேசுடா. அப்பா," என்றார் மூத்தவர்.

அவர்கள் போனதும் முதலாளி எழுந்து வந்தார்.

"மூணு தடவை திரும்பி வந்தாச்சு. நாலாவது தடவை வந்துச்சுன்னா, நீ வர வேண்டாம்."

அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம். வேறு வேலை தெரியாது. டச்சப்காரர் எல்லாவற்றையும் அழித்தார். காலர் மட்டும் மிஞ்சியது.

அந்த வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத மூக்கு ஒன்று வேண்டும். வருகிறவர்கள் தலைசீவும் கண்ணாடியில் அப்படி ஒன்று இருந்தது. தன் மூக்கையே படமெடுத்துப் பொருத்தினார். மூக்கு தனியாக நிற்கவில்லை. கண், காது, தாடை என்று தன்னுடையதாகவே சேர்த்தார். மீசை வைத்து, வகிட்டை மாற்றினார். இதற்காவது யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். நாளைக்கு எங்கே போய் வேலை கேட்பது என்று யோசித்துக்கொண்டே பிரிண்ட் எடுத்தார்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"எங்க மூணு பேர் ஜாடையும் இல்லையே," என்றார் மூத்தவர்.

முதலாளி டச்சப்காரரைப் பார்த்தார். டச்சப்காரர் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அவரேதான்," என்றார்.

முதலாளி சிரித்தார். டச்சப்காரர் பையைக் கீழே வைத்தார்.

அம்மா படத்திலிருந்து தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அவரைப் பார்த்தார்.

"உங்கம்மாவுக்கு எந்த ஊரு, தம்பி?"