யாகப்பன் வீட்டுக் கிணற்று மோட்டார்

ஊரெல்லாம் மோட்டார் ஓடட்டும், தன் வீட்டுக்குள் மட்டும் ஒன்று நுழையக் கூடாது. யாகப்பன் இப்படிச் சத்தியமே செய்து வைத்திருந்தான்.

செஞ்சியிலிருந்து கிளம்புகிற பஸ் ஒன்று விடாமல் ஏறி, தொண்டூர், சீயமங்கலம் என்று தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு ஆள் பிடிப்பவன் அவன். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். தோல்பையில் கரண்ட் பார்க்கிற மீட்டர். பஸ்ஸின் தலைமேல், சாக்கில் சுற்றிய மோட்டார். கம்பெனி கொடுத்த ஒரே சாம்பிள் அது. அதை ஓட்டிக் காட்டினால்தான் வியாபாரம். அதை வீட்டில் மாட்டிவிட்டு அவன் எங்கே போவான், வெறுங்கையை வீசிக்கொண்டா?

மனைவி மரியசெல்விக்கு இந்த நியாயம் ஏறவில்லை.

"ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கை வலிக்குதுன்னு பஸ் ஏறிப் போறீங்க. என் கை இன்னா, இரும்புலயா செஞ்சிருக்குது? நம்ம கெணத்துல ஒரு கொடம் எடுக்கறதுக்குள்ள ராஜகிரிக் கோட்ட மேல ஏறி எறங்கிடலாம்."

"நம்ம தெருவுல கரண்ட் பத்தாது செல்வி. மோட்டார் எரிஞ்சி பூடும்."

"பல்பு ஜோரா எரியுதே?"

"பல்பு வேற, மோட்டார் வேற. உனுக்குப் புரியாது. டெக்னிக்கல்."

பேச்சில் எங்கே மாட்டிக்கொண்டாலும் அந்த டெக்னிக்கலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வான்.

வினை பஸ் ஸ்டாண்டில் இருந்தது. காப்பி ஓட்டல் முதலாளி தாண்டவராயனிடம் நாக்கு வறளப் பேசிக்கொண்டிருந்தான். இவர் ஒருவர் வாங்கினால் பக்கத்து ஓட்டல்காரர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே வருவார்கள்.

"இத்தினி பேசறியே, உன் வூட்ல இருக்குதாய்யா?"

"இல்லாமயா மொதலாளி? எம் பொஞ்சாதி கயித்தத் தொட்டு வருசமாவுது!"

"அப்ப ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானும் வூட்லயும் வரோம். ஓடறதப் பாத்துட்டுத்தான் அட்வான்சு."

வாய் கெடுத்ததை வாய்தானே சரி செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்தவன் குரலில் வெல்லம் கரைத்தான்.

"செல்வி, ஒரே ஒரு நாளு நம்ம கெணத்துல மோட்டார் மாட்டப் போறேன். கேட்டா ரொம்ப நாளா ஓடுதுன்னு சொல்லு."

"கரண்ட் பத்துமா?"

"ஞாயித்துக்கெழம பத்தும்."

அவள் உடனே "சரிங்க" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாண்டவராயனும் மனைவி மீனம்பாளும் வந்தார்கள். யாகப்பன் மோட்டார் வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினான்.

"தண்ணி குடுக்கற மோட்டாருக்கே தண்ணி ஊத்தணுமா?" என்றாள் மீனம்பாள்.

"அப்படித்தான் அக்கா. எங்க வூட்டுக்காரரும் காப்பி ஊத்தினாத்தான் கௌம்புவாரு" என்றாள் மரியசெல்வி.

சுவிட்சைத் தட்டினான். புஸ்ஸென்று பாய்ந்த தண்ணீர் தாண்டவராயன் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. மனுசனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். பெண்கள் இரண்டு பேரும் சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். யாகப்பன் மனசுக்குள் அட்வான்சை வாங்கி மடித்தே வைத்துவிட்டான்.

வாசலில் தாண்டவராயன் சொன்னார்: "புடிச்சிருக்குது. ஒரு மாசம் போவட்டும். கண்டிப்பா வாங்கறேன்."

ஒரு மாசம் எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. போகட்டும், வாங்குகிறேன் என்றாரே! ஸ்பேனரோடு கிணற்றடிக்கு வந்தான். விடிந்தால் சீயமங்கலம் பஸ்.

"கழட்டறீங்களா? தாராளமா கழட்டுங்க" என்றாள் மரியசெல்வி. "மீனம்பாக்கா வந்து கேட்டா சீயமங்கலம் போயிருக்குதுன்னு சொல்லிடறேன்."

ஸ்பேனர் பாதிச் சுற்றில் நின்றது. "அவங்க எதுக்கு வராங்க?"

"நாந்தான் வரச் சொன்னேன். சொல்லிட்டு வந்தா தொடச்சி மினுக்கிக் காட்டுவாரு அக்கா, சொல்லாம கொள்ளாம வந்து பாருங்க, ஒரு மாசம் பாத்துட்டு வாங்குங்கன்னேன். அக்காவுக்கு யோசன ரொம்பப் புடிச்சிப் போச்சி."

"அடிப்பாவி! ஒரு மாசம் ஊர் ஊரா நான் எத ஓட்டிக் காட்டறது?"

"கம்பெனில கேளுங்க. ஒண்ணு குடுத்தவங்க இன்னொண்ணு குடுக்க மாட்டாங்களா?"

கழற்றினால் தாண்டவராயன் போவார், அவரோடு பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போகும். கழற்றாவிட்டால் சாம்பிள் போகும். யாகப்பன் மோட்டாரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். தளர்த்திய நட்டை அவனே திருப்பி முறுக்கினான். பெருமூச்சு விட்டு எழுந்தான்.

"ஸ்பேனர உள்ள வெச்சிடாதீங்க" என்றாள் மரியசெல்வி. "சமையக்கட்டுல கொழாயே இல்லியேன்னு அக்கா கேட்டாங்க. ரிப்பேருக்குக் கழட்டியிருக்காரு, நாளைக்குப் பூட்டிடுவாருன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."