நசுங்கிய சைக்கிளுக்கு நஷ்டஈடு

"இது உங்க சைக்கிள்தான்னு என்ன ஆதாரம்?"

தீயணைப்பு நிலைய அதிகாரி இப்படிக் கேட்டதும் பிழைதிருத்துபவருக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக அச்சகத்தில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். அவரையே ஒருவர் சந்தேகப்படுவதா?

நடந்தது இதுதான். போன திங்கட்கிழமை, மரச்சாமான் கடையில் பிடித்த தீயை அணைக்க வந்த வண்டி, அச்சகச் சந்தின் முனையில் நின்ற ஒரு கறுப்பு சைக்கிளை நசுக்கிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தவர், சக்கரமும் ஹேண்டில்பாரும் பின்னிக் கிடந்த கோலத்தைப் பார்த்து மனம் நொந்து வீட்டுக்கு நடந்தே போனார்.

"சும்மா விடாதீங்க, நஷ்டஈடு கேளுங்க" என்று மனைவிதான் அனுப்பி வைத்தாள்.

"ஆதாரமா? பத்து வருஷமா அதே சந்து முனையிலதான் நிறுத்துறேன் சார். வாட்ச்மேனைக் கேளுங்க."

"அன்னிக்கும் நீங்கதான் நிறுத்துனீங்களா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா வந்து நிறுத்துவாரு?"

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் ஒருமுறை சரிபார்த்துவிட்டே போட்டார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "உக்காருங்க சார். அந்த சைக்கிள் அடியில சிக்கி எங்க வண்டி நகரவே இல்ல. இழுத்துப் போடவே பத்து நிமிஷம் ஆச்சு, பாதிக் கடை போயிடுச்சு. எந்தப் புண்ணியவான் நிறுத்தினான்னு கேஸ் போட ஒரு வாரமா தேடிக்கிட்டிருக்கோம்."

உட்காரப் போன பிழைதிருத்துபவர் அப்படியே எழுந்துகொண்டார்.

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்களை யாரு நஷ்டஈடு கேக்கச் சொன்னது? கேஸ்னு தெரிஞ்சா உங்க முதலாளி மறுநாளே சீட்டைக் கிழிச்சிடுவாரு. அது நம்ம சைக்கிளே இல்லன்னு சொல்லிடுங்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தும், மறுநாள் அதிகாரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னார்.

"சார், அது... என் சைக்கிள் இல்ல."

அதிகாரி நேற்றைய தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். "அப்ப இது பொய்யா? பொய்யா எழுதிக் குடுத்ததுக்குத் தனிக் கேஸ். வழியை மறிச்சதோட நிறுத்திக்கலாமா, இல்ல ரெண்டையும் சேத்துப் போடட்டுமா?"

"மறிச்சது மட்டும் போதும் சார்" என்றார், ஏதோ சலுகை கிடைத்தாற்போல். சைக்கிள் தன்னுடையதுதான் என்று இரண்டாவது தாளிலும் எழுதிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார். இனி வேலை நிலைக்காது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

தெருமுனையில் ரிப்பேர் கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"என்ன சார், போன திங்கட்கிழமை காலைல பஞ்சர் ஒட்டக் குடுத்துட்டுப் போனவரு, அதைத் திரும்பியே பாக்கலயே? உங்க சைக்கிள் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது, எடுத்துட்டுப் போங்க."