மூன்றாம் மாடி நுரை

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை ராமப்பன் சொன்னார். அவருக்கு அவர் மனைவி சரோஜம்மாள் சொன்னார். இரண்டு வாய் மாறி வந்த கதை என்பதால் நம்ப முடியாததைக் கழித்துவிட்டேன். கழிக்க மனசு வராததை மட்டும் விட்டுவைத்தேன்.

ஜூஜுவாடியில் ராமப்பன் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கதுரை குடியிருக்கிறார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, அஞ்செட்டிப் பெண் மாதேஸ்வரியைக் கட்டிக்கொண்டவர். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பிறர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேவிங் கிரீம் தீர்ந்தது. டியூபை நசுக்கினார். சுருட்டினார். கத்தரியால் வெட்டித் திறந்து வழித்தார். அப்புறம் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஞானம் பிறந்தது.

“இனிமே இந்த வீட்டுக்குள்ள ஷேவிங் கிரீம் வராது.”

“தாடி வருமேங்க?”

“வரட்டும். குளிக்கிற சோப்பு போதும். இருக்கிறதுலயே மலிவான சோப்பு. பிரஷ்ஷை உதறணும், சோப்பு மேல சுத்தணும், சொட்டுச் சொட்டா தண்ணி விடணும். வெண்ணெய் மாதிரி நுரை வரும். எல்லாம் கை வாகு.”

மாதேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“உனக்கு ஒன்னும் தெரியாது, பேசாம பாரு.”

பேசாமல் பார்த்தாள்.

சிவப்பு சோப்பு, பச்சை சோப்பு, எலுமிச்சை படம் போட்ட சோப்பு எல்லாம் வந்தன. நுரை வரவில்லை. பிரஷ்ஷில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியது. கன்னமெல்லாம் கீறல். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பரிவோடு கேட்டார்: “வீட்ல பூனை வளக்கிறீங்களா சார்?”

துணி காயப்போட மாடிக்கு வந்த சரோஜம்மாளும் கேட்டுவிட்டார்.

“நுரை வந்துச்சா தம்பி?”

“வரும்க்கா. ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து பாருங்க. வந்துட்டா இந்த வீட்ல எல்லாருக்கும் ஒரே சோப்பு. இவளுக்கு மூஞ்சிக்குத் தனி, மேலுக்குச் சந்தன சோப்பு, அதெல்லாம் கட்.”

“வரலைன்னா?” என்றாள் மாதேஸ்வரி.

“வரலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!”

இப்படி யார் சொன்னது என்று தங்கதுரை திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

சிவகங்கையில் அவர் அப்பாவுக்கு மீசை. பெரியப்பாவுக்கு மீசை. மீசை இல்லாமல் ஊர்ப்பக்கம் போனால் யாருக்குக் காரியம் என்று கேட்பார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மோட்டார் ரிப்பேர். குழாயில் காற்றுதான் வந்தது. குடிக்க வாங்கிய கேன் தண்ணீரில் முகம் கழுவினார். அதே மலிவு சோப்பு. நுரை முழங்கை வரை பொங்கியது.

அப்போதுதான் விளங்கியது. சோப்பிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. குழாயில் வரும் போர்வெல் தண்ணீர்தான் உப்பு. நியாயப்படி அப்போதே மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மீசையைத் தடவிப் பார்த்தார். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழாயடி வாளிக்குப் பின்னால் ஒரு மக் கேன் தண்ணீர் ஒளிந்திருந்தது. நுரை வந்தது. கன்னத்தை மூடி, காதை மூடி, கண்ணுக்குக் கீழே வந்து நின்றது.

சரோஜம்மாள் மூக்கில் விரல் வைத்தார். “எங்க வூட்ல துணி சோப்புக்கே இவ்வளவு வராதே! பைப்புத் தண்ணிதானா தம்பி?”

அவர் வாய் திறப்பதற்குள் மாதேஸ்வரி முந்திக்கொண்டாள். “என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்டுக்காரரு பொய் சொல்வாரா?”

நுரைக்கு அடியில் தங்கதுரையின் முகம் கொதித்தது. முகத்தைக் கழுவ வெகுநேரம் அவர் எழுந்திருக்கவேயில்லை.

மாதேஸ்வரி உள்ளே போய்த் தன் சந்தன சோப்பை, பிரிக்காத உறையோடு எடுத்துவந்து சரோஜம்மாள் கையில் கொடுத்தாள். “எங்களுக்கு இனிமே ஒரே சோப்புக்கா.” அன்று மத்தியானம் கறிக்குழம்பு. அவர் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் தாகத்துக்குக் கேனைச் சாய்த்தார். காலி. புதுக் கேன் வந்தது. அதுவும் காலி.

“மாதேசு, தண்ணியெல்லாம் எங்க போகுது?”

“குளிச்சேங்க. தலைக்கு ஊத்துனேன். துணி அலசுனேன்.”

“கேன் தண்ணியிலயா?”

“ஒரே சோப்புன்னீங்க. எனக்கு உங்க கை வாகு வரல. அதான் உங்க தண்ணிய எடுத்துக்கிட்டேன்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பைப்புத் தண்ணியில நுரை வராதுன்னு இந்த வூட்டுக்கு வந்த அன்னிக்கே தெரியும். சொல்ல வந்தேன். பேசாம பாருன்னீங்க.”

“சரி விடு. உன் சந்தன சோப்பையே வாங்கிக்க.”

“அதெப்படி? சரோஜக்கா ஏன்னு கேப்பாங்களே. உள்ளதைச் சொல்லிடட்டுமா?”

“வேணாம், வேணாம்.”

“அப்ப கேன்தான் வேணும். ஆனா இத்தனை கேன்னா மாடி ஏத்த மாட்டேன்னு கடைக்காரரு சொல்லிட்டாருங்க. கீழயே வச்சிட்டுப் போவாராம்.”

இப்போது ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தங்கதுரைக்கு இரண்டாவது ஷிஃப்ட். தோளில் கேனோடு படியேறுவார். சரோஜம்மாள் வாசலில் நின்று கேட்பார்: “என்ன தம்பி, இத்தனை தண்ணி? வூட்ல ஒறம்பரை, விருந்தாளின்னு யாராச்சும் வந்திருக்காங்களா?”

“ஆமாங்க்கா.”

தலையைக் குனிந்துகொண்டே ஏறுவார். மாதேஸ்வரி எல்லாவற்றையும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சரோஜம்மாளிடம் சொல்லிவிட்டாள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ராமப்பன் கதை இதோடு முடிந்தது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விடுமுறை நாளில் அந்தத் தெருவுக்குப் போய்க் கேன் கடைக்காரரிடம் கேட்டேன்.

“மூணாம் மாடின்னா ஏத்த மாட்டீங்களாமே?”

“யார் சொன்னா? எத்தனை கேன்னாலும் ஏத்துவோம் தம்பி. அந்த மாதேஸ்வரியம்மா வூட்டுக்கு மட்டும்தான் கீழயே வைக்கிறோம். மேல கொண்டாந்தா கேனே வேணாம்னுட்டாங்க.”