பழைய எண் நான்கு, புதிய எண் தொள்ளாயிரத்து நான்கு

ஒரு காட்டில் ஒரு தண்ணீர் மோட்டார் இருந்தது. சிங்கம், புலியெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். நான் கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதுகிறவன். எனக்கு இயந்திரத்திலிருந்துதான் கதை ஆரம்பிக்கத் தெரியும். டிரைவர் என்றால், பிரிண்டர் மாதிரியான சாமான்களுக்கு உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரோகிராம். இதை என் மாமனாருக்கு எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். அவர் ஊரில், "மாப்பிள்ளை லாரி லைன்ல இருக்காரு" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மோட்டார் இருந்த இடம் பாறையடி, கதவு எண் நான்கு. பக்கத்துக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. பாப்பம்மாள் என்ற விரால் மீன், குஞ்சுகளோடு சேற்றில் கிடந்தாள். "முதுகு காயுதுங்க. அந்த மோட்டாரைப் போட்டு விடுங்களேன்" என்று கரையில் போகிறவர்களையெல்லாம் கெஞ்சினாள்.

யாரும் நேரே போய்ப் போட்டுவிட முடியாது. காட்டின் தலைவர் ஆனைமுத்து என்ற யானை, எல்லா வீட்டுக்கும் புதிய எண் கொடுத்திருந்தார். வேலையெல்லாம் புதிய எண்ணில்தான் நடக்கும். புதிய எண்ணைச் சொன்னால், அது எந்தப் பழைய எண் என்று அவர் காகத்திடம் சொல்வார். காகம் அங்கே பறந்துபோய் வேலையை முடிக்கும். எந்தப் புதியது எந்தப் பழையது என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அடுத்தவர் வளையில் மூக்கை நுழைப்பதைத் தடுக்க இந்த ஏற்பாடு. வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.

"மோட்டாருக்கு டிரைவர் தேவை" என்று ஆனைமுத்து அறிவித்தார். எருமை வந்து, "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கடைசியில், குமாஸ்தா முயலின் கவுன்டரில் மனு போட்ட சாம்பசிவம் என்ற நரிக்கு வேலை கிடைத்தது. நரி என்றதும் பெரிய தந்திரசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இது என்னை மாதிரி நரி.

மோட்டாரின் கதவில் நான்கு என்று எழுதியிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மோட்டாரின் லீவரை மனதில் வைத்து, "நாலாம் நம்பர், தள்ளு!" என்றது சாம்பசிவம். புதிய எண் நான்கு முள்ளம்பன்றியின் வீடு. காகம் போய் முள்ளம்பன்றியைத் தள்ளியது. முள்ளம்பன்றி விசாரித்துக்கொண்டு வந்து, சாம்பசிவத்தின் மேல் முதுகை ஒரு உரசு உரசிவிட்டுப் போனது.

ஆனைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "பழைய நாலுக்குப் போகணும்னா முதல்ல எங்கிட்ட புது நம்பர் வாங்கணும்யா. அந்த இடத்தை வேற யாரும் கேக்கலை. இந்தா, தொள்ளாயிரத்து நாலு. அது ஸ்டார்ட் லீவர். அஞ்சு, மோட்டார் ஓடுதான்னு காட்டுற விளக்கு. ஆறு, நிறுத்துற லீவர். வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடணும்."

"தொள்ளாயிரத்து நாலு, தள்ளு!"

"சரிங்க" என்றது காகம்.

"தொள்ளாயிரத்து அஞ்சு, விளக்கு எரியுதா?"

"எரியுதுங்க."

சாம்பசிவம் சபையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிக்கை வாசித்தது: "மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வராததற்குக் குளம்தான் காரணம்." இதே வாக்கியத்தைச் சொல்லி நானும் பல கம்பெனிகளில் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

"ஓடுதுன்னு சொல்றதைக் குடிக்க முடியலீங்களே" என்றாள் பாப்பம்மாள். அவளைச் சுற்றிக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. சாம்பசிவத்துக்குப் பாவமாகிவிட்டது. காகத்தைத் தனியே கூப்பிட்டு, "நிஜமாவே விளக்கு எரியுதா?" என்று கேட்டது.

"போன மழைக்குப் பார்த்தேன், எரிஞ்சுச்சு" என்றது காகம். "ஒவ்வொண்ணுக்கும் போயிட்டு வந்தா என் ரெக்கை என்னத்துக்கு ஆகும்? பார்த்ததை ஞாபகம் வெச்சு சொல்லிடுவேன். செய்யச் சொன்னதைச் சேர்த்து வெச்சு என்னிக்காவது மொத்தமா செய்வேன். தானியக் குதிருக்கெல்லாம் இப்படித்தான். யாரும் குறை சொன்னதில்லை."

சாம்பசிவம் ஆனைமுத்துவிடம் ஓடியது. "தலைவரே, என் நம்பருக்கு மட்டும் காக்கா எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் நேர்ல போகணும்."

"நேர்ல போற நம்பராவே குடுத்திருப்பேனே. நீ கேக்கலையே?"

"கேக்கணும்னு தெரியாதே!"

"தெரியாதவங்களுக்குத்தான் சாதா நம்பர்."

காகம் முணுமுணுத்துக்கொண்டே நேரில் போய் லீவரைத் தள்ளியது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பாப்பம்மாள் அழுதாள், குஞ்சுகள் துள்ளின. எல்லோரும் சேர்ந்து மோட்டாருக்கு மாலை போட்டார்கள். "அதான் ஓடுதே, இனிமே டிரைவர் எதுக்கு?" என்று சாம்பசிவத்தை ஆனைமுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுவும் மூன்று எண்களையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

தண்ணீர் நிற்கவில்லை. குளம் நிரம்பிக் கரை தாண்டி வளைகளுக்குள் புகுந்தது. ஆனைமுத்துவின் முழங்கால் வரை ஏறியதும் அவர் பிளிறினார்: "தொள்ளாயிரத்து ஆறு, நிறுத்து!"

"அப்படி ஒரு நம்பரே இப்ப இல்லீங்களே" என்றது காகம்.

"பழைய நாலுக்குப் போய்யா!"

"பழைய நம்பர்ல வேலை நடக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாம்பசிவத்தைக் கூட்டி வந்தார்கள். "நான் இப்ப டிரைவர் இல்லீங்களே. மறுபடியும் மனு போட்டு நம்பர் வாங்கணும்" என்றது அது.

"சீக்கிரம் போடு!"

மனு வாங்கும் கவுன்டர் தண்ணீருக்கடியில் இருந்தது. குமாஸ்தா முயல் எப்போதோ மரத்தில் ஏறிவிட்டது. சாம்பசிவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்கியது. முயலின் நாற்காலியில் பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். குஞ்சுகள் கொழுகொழுவென்று மேஜையைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன.

அவள் மனுவை வாங்கி நிதானமாகப் படித்தாள். "தண்ணியை நிறுத்தறதுக்கா?" என்றாள். "நீங்க செஞ்ச உதவியை நான் மறக்க மாட்டேங்க. ஆனா இதெல்லாம் விசாரிச்சுத்தான் சொல்லணும். போயிட்டு அடுத்த கோடையில வாங்க."

நீதி: தண்ணீரை நிறுத்தச் சொல்லும் மனுவை மீனிடம் கொடுக்காதே. கொடுத்துவிட்டால், நீந்தக் கற்றுக்கொள்.