இரண்டாயிரம் டிகிரிக்கு ஒரு சந்தனப் பொட்டு

திருமுல்லைவாயில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் மணவாளனுக்கு, சண்முகசுந்தரம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா புஷ்பாவும் நலம். எங்கள் மகள் மைதிலி நலமா என்று தெரியவில்லை. நான்கு நாட்களாக என்னிடம் பேசவில்லை. போனில் சொன்னால் இந்த இரண்டு அறை வீட்டில் எல்லாம் கேட்கும் என்பதால் கடிதம்.

அவள் ஆராய்ச்சி உருகிய கல்லைப் பற்றியது. மணலும் கல்லும் உருகினால் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே உருக்கிப் பார்க்கிறாள். ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் உலையில் மிதந்த கசடை வழித்தவன் நான், அதுவும் உருகிய கல்தான், என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. திரையில் பட்டாணி மாதிரி உருண்டைகள் குதிக்கின்றன, இரண்டாயிரம் டிகிரி என்கிறாள், பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், இட்லிப் பானைச் சூடுகூட இல்லை. இருபத்து மூன்று நாள் நிறுத்தாமல் ஓடியது. மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் அவள் பட்டம் தள்ளிப்போகும், ஃப்யூஸ் போய் நின்றுவிடக் கூடாது என்று மிக்ஸி போடக்கூடத் தடை, மூன்று வாரமாக இட்லிக்குப் பொடிதான்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைத்து எனக்குப் பழக்கமில்லை. மைதிலி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி படைத்தேன். உன் அக்கா பார்த்துவிட்டு, "இன்னாய்யா பண்ணிக்கினு கீற? பொண்ணு சோறு துன்னாம அத்தக் காத்துக்கினு கெடந்துச்சே" என்றாள். அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

மைதிலி வந்து பார்த்தாள். "கரன்ட் போச்சாப்பா?" என்றாள். என் தலை தானாக ஆடிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது. முதலிலிருந்தா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே நீ அவளுக்குப் போன் செய்து, பூஜையன்று உங்கள் அயனம்பாக்கத்திலும் மூன்று மணி நேரம் கரன்ட் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடு. உன் மனைவி வரலட்சுமிக்கும் எங்கள் ஆசிகள். உனக்குப் பொரி எடுத்து வைத்திருக்கிறோம், நமுத்துப்போவதற்குள் வா.

இப்படிக்கு,
சண்முகசுந்தரம்.

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். உன் பின்கோடு தெரியாமல், மறதியில் கடிதத்தை மைதிலியிடமே நீட்டிவிட்டேன். நின்றபடியே படித்து முடித்தாள். கணக்கை மணிக்கொரு தரம் கம்ப்யூட்டர் தானே எழுதி வைத்துக்கொள்ளுமாம், போனது நாற்பது நிமிஷம்தானாம். சந்தனப் பொட்டையும் நான் அந்தப் பட்டன் மேலேயேதான் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்ததுமே அணைத்தது நான்தான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்புறம் ஏம்மா நாலு நாளாப் பேசல?" என்று கேட்டேன்.

"நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்ப்பா. கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல கல்லே உருகிடுச்சு."