அரிசி வாளிக்குள் அடித்த போன்

சிலருக்குச் சந்தேகம் பிறவிக் குணம். எனக்கு அது அரை நாள் பயிற்சியில் வந்தது. தேநீரும் பற்றிஸும் கொடுத்து, முடிவில் சான்றிதழும் தந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். (இதைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. தொடங்கிவிட்டேன், பாருங்கள்.) பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கி, கொழும்பு பம்பலப்பிட்டியில் குளிரூட்டிய கந்தோர் ஒன்றில் கதிரை பிடித்தவள். அந்தக் கந்தோரில்தான் ஒருநாள், தொலைபேசி மோசடிக்காரரை அடையாளம் காண்பது எப்படி என்று வகுப்பு வைத்தார்கள்.

"மோசடிக்காரன் மிக மரியாதையாகக் கதைப்பான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். 'நீங்கள் தெரிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள்' என்பான். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வயதானவர்களைத்தான் பிடிப்பான். ஓடிபி இலக்கத்தை வாங்கிவிட்டான் என்றால் கதை முடிந்தது" என்றார் வகுப்பெடுத்தவர். நான் எல்லாவற்றையும் நாலு நிறப் பேனையால் எழுதிக்கொண்டேன்.

சான்றிதழை லெமினேட் பண்ணி, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில், திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அது ஆண்டவரை விட ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது. இறக்கச் சொன்னார் அம்மா. நான் ஆண்டவரை உயர்த்தினேன்.

பிறகு, மோசடிக்கு ஆளாகக்கூடிய வயதானவர் ஒருவரைத் தேடினேன். வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் ஸ்குரூடிரைவர் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பதென்று தெரியாத மனிதர். வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் பிஸ்கட் இருக்காது. செத்துப்போன ரிமோட்டுகள் இருக்கும். எல்லாவற்றிலும் அவருக்கு உயிர், சிற்றலை வானொலி. கிரேன் கூண்டுக்குள் சின்ன டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஏதேதோ நாட்டு நிலையங்களைப் பிடிக்கத் தொடங்கியவர், இப்போது மூன்று ரேடியோ வைத்திருக்கிறார். எங்கள் ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுப் பரீதா மாமியின் தண்ணீர்த் தாங்கிவரை ஒரு செப்புக் கம்பி போகும். அது அப்பாவுக்கு ஏரியல், அம்மாவுக்குக் கொடி. அம்மாவின் ஈரத் துவாய் அதில் தொங்கும் நாளில் ஐரோப்பா கேட்காது என்று அப்பா சண்டை பிடிப்பார்.

எனக்கு அந்த ரேடியோ வெறும் இரைச்சல். சின்ன வயதில் வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடிதங்கள் அப்பாவுக்கு வரும். முத்திரையைக் கிழித்து என் அல்பத்தில் ஒட்டுவேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. (படித்த பிள்ளை.)

பயிற்சி முடிந்த வாரத்திலேயே முதல் தடயம் கிடைத்தது. அப்பா கிணற்றடிப் பக்கம் போய்ப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், "நாலு, நாலு, மூணு, நாலு, நாலு. எழுதிட்டீங்களா?" என்றார்.

ஓடிபி!

(ஓடிபி எங்கள் வங்கியில் ஆறு இலக்கம். அப்பா சொன்னது ஐந்து. கணக்கில் விசேட சித்தி பெற்ற நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை.)

"யாரப்பா போன்ல?"

"ஆ... ஒண்ணுமில்ல மகள். கிரிக்கட் ஸ்கோர்."

அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் மெட்ச் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது தடயம், மலசலகூடம். காலையில் அப்பா உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஆங்கிலம் கதைத்தார். "குட் ஈவினிங் சேர்... குட் ஈவினிங் சேர்..." திரும்பத் திரும்ப. யாருக்கு மாலை வணக்கம், காலை ஆறு மணிக்கு? மூன்றாவது, கொப்பி. தலையணைக்குக் கீழே இருந்தது. திகதி, நேரம், ஏதோ நாலிலக்கம் ஐந்திலக்கமாக எண்கள், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதே மாதிரி ஐந்து இலக்கம். நாலாவது, இருட்டு. மாலை ஆறரை ஆனதும் வீட்டில் மின்குமிழ், மின்விசிறி, வைஃபை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரேடியோவோடு மூலையில் உட்காருவார். ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்க அப்படிச் செய்வது பழைய பழக்கம்தான். ஆனால் சந்தேகக் கண்ணுக்குப் பழைய பழக்கமும் புதுத் தடயம்.

அம்மாவைக் குசினிக்குள் அழைத்துப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டுக் கேட்டார்:

"பொம்பளையா?"

"இல்லம்மா, மோசடிக்காரன். வெளிநாட்டுக்காரன்."

"வெளிநாட்டுப் பொம்பளையா?"

"அம்மா!"

"சனிக்கிழமைக்குப் போடணும்னு நீலச் சேட்டை அயன் பண்ணித் தரச் சொன்னாரு. பூசைக்குக் கூட அயன் பண்ணாம போற மனுசன்."

சனிக்கிழமை! அப்படியென்றால் அன்றைக்குத்தான் பெரிய அழைப்பு. ஒரே இரவில் எங்கள் வீடு புலனாய்வுத் திணைக்களமாகிவிட்டது. அம்மா துணை அதிகாரி.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா குளிக்கப் போனதும், கட்டிலில் கிடந்த போனை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து மூடினேன். குளித்து, நீலச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தவர் கட்டிலைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிஸ்கட் டின்னுக்குள் பார்த்தார்.

"மகள், என்ட போனக் கண்டியா?"

"இல்லப்பா."

"உன்ட போன்ல ஒருக்கா அடிச்சுப் பாரு மகள்."

"ரீலோட் காசு முடிஞ்சுதுப்பா."

"இஞ்ச பாரு, இன்னைக்கு அது கட்டாயம் வேணும்." அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. 'பாதிக்கப்பட்டவர் பதற்றமாக இருப்பார்' என்று சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தேனே! நேரத்தைப் பார்த்தார். தேடுவதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முன்னறையில் ரேடியோவைத் திறந்தார். சேட்டுக் கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், படம் பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி.

ஆறு மணி ஐம்பதுக்கு அரிசி அடித்தது.

நானும் அம்மாவும் வாளியின் மீது பாய்ந்தோம். கூட்டல் குறியோடு தொடங்கும் நீண்ட வெளிநாட்டு இலக்கம். அரிசியைத் தட்டிவிட்டுக் காதில் வைத்தேன்.

"வணக்கம்! மிஸ்டர் செபஸ்தியானுடன் கதைக்க முடியுமா?" என்றான் ஒருவன், தேன் ஒழுகும் ஆங்கிலத்தில்.

மரியாதை. ஒன்று. பெயர். இரண்டு.

"எதற்கு?" என்றேன்.

"இந்த வாரம் அவர்தான் தெரிவு செய்யப்பட்டிருக்கிறார்!"

மூன்று! பாடக் குறிப்பு அப்படியே உயிரோடு வந்து கதைத்தது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் படித்த கேள்வி இவ்வளவு நேராக வந்ததில்லை.

"மிஸ்டர், உங்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். இந்த அழைப்புப் பதிவு செய்யப்படுகிறது!" என்றேன். பொய்தான், அப்படிச் சொன்னால் பயப்படுவார்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"ஆம் மேடம்," என்றான் அவன், கொஞ்சமும் பயப்படாமல். "பதிவாகிறது. ஒலிபரப்பும் ஆகிறது."

என்ன துணிச்சல்! அதற்குப் பிறகு என் ஆங்கிலம் முடிந்துவிட்டது. தமிழில் தொடங்கினேன். "வயசு போன மனுசர ஏமாத்திப் பிழைக்க உனக்கு வெக்கமில்லையாடா? எங்கப்பா கிரேன்ல ஏறி எறங்கி என்னைப் படிப்பிச்சவரு. அவருட இலக்கம் வேணுமா உனக்கு? வந்து பாரு கொட்டாஞ்சேனைக்கு, வாளியாலயே அடிப்பேன்!" கள்ளன் என்பது அவனுக்குச் சிங்களத்திலும் விளங்கட்டும் என்று "ஹொரா!" என்றேன். பின்னால் இருந்து அம்மா, "பொம்பளையா இருந்தா என்ட கையில குடு!" என்று கத்தினார்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்போது முன்னறையிலிருந்து ஒரு பெண் கத்தும் சத்தம் வந்தது.

"...வந்து பாரு கொட்டாஞ்சேனைக்கு, வாளியாலயே அடிப்பேன்! ஹொரா!"

கரகரப்பு எதுவும் இல்லாமல், மிகத் தெளிவாக. அதைத் தொடர்ந்து, ஏதோ தூரத்து நாட்டிலிருந்து எங்கள் அம்மா: "பொம்பளையா இருந்தா என்ட கையில குடு!"

குசினி வாசலில் அப்பா நின்றார். இருட்டில் நீலச் சேட்டு மட்டும் தெரிந்தது. போனுக்குள் அந்த மனிதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மேடம், தயவு செய்து உங்கள் வானொலியின் சத்தத்தைக் குறையுங்கள்" என்றான்.

போனை அப்பாவிடம் நீட்டினேன். கையெல்லாம் அரிசி மாவு.

அப்பா வாங்கிக் காதில் வைத்தார். தொண்டையைச் செருமினார். சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சேர்... சொறி சேர். தட் இஸ் மை டோட்டர்," என்றார். நிமிர்ந்து, "கிராடுவேட் சேர்" என்றார்.

நேரம் முடிந்துவிட்டது. போனுக்குள் நிலையத்தின் இசை வந்தது. சற்றுப் பொறுத்து முன்னறை ரேடியோவிலும் ஒரு மனிதர் "கிராடுவேட் சேர்" என்று சொல்லி முடித்தார்.

அப்பா கோபிக்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. போனைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து ஞானம் அங்கிள் அழைத்தார். தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், அப்பாவின் முப்பது வருட ரேடியோக் கூட்டாளி. நான்தான் எடுத்தேன்.

"பிள்ளை, ஏன் அந்த மனுசனை அப்பிடிப் பேசினனீ? கொப்பா அவரோட கதைக்க எண்டு மூண்டு கிழமையா என்னோட பாடமாக்கினவர்!"

அவர்தான் எல்லாவற்றையும் விளக்கினார். இந்த ஆட்கள் தூரத்து நிலையங்களைக் கேட்டு, எந்த அலைவரிசை எண்ணில், எப்படிக் கேட்டது என்று அறிக்கை அனுப்புவார்கள். அதற்கு ஐந்து இலக்கம்: ஒலியின் வலு, வேறு நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஒலி ஏறி இறங்குவது, கடைசியாக, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி. நிலையம் சந்தோசப்பட்டு ஒரு வண்ண அட்டை அனுப்பும். அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. ஞானம் அங்கிள்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்து எழுதிக் கொடுப்பவர். இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது; அதனால் அப்பா போனில் இலக்கம் சொல்ல, அவர் மின்னஞ்சலில் அனுப்புகிறார். அன்று நேயர் நிகழ்ச்சியில் நேரடியாகக் கதைக்க, அப்பாவைத் தெரிவு செய்திருந்தார்கள். உண்மையாகவே தெரிவு செய்திருந்தார்கள்.

அப்பாவின் சேட்டுப் பையிலிருந்த துண்டை அம்மாதான் எடுத்துத் தந்தார். தமிழ் எழுத்தில் நாலு வரி ஆங்கிலம்.

'குட் ஈவினிங் சேர். ஐ ஆம் செபஸ்தியான் ஃப்ரம் கொலம்போ. ஐ ஆம் ஹியரிங் யூ தேர்ட்டி இயர்ஸ். யுவர் வொய்ஸ் இஸ் லைக் மை ஹவுஸ் வொய்ஸ்.'

என் கை தானாகவே பேனையைத் தேடியது. மூன்றாம் வரியில் இலக்கணப் பிழை. (அந்த நேரத்திலும்!)

"ஏன்ப்பா என்னட்டச் சொல்லல்ல? நான் எழுதித் தந்திருப்பனே," என்றேன்.

அப்பா என் கையிலிருந்த பேனையைப் பார்த்தார்.

"நீ திருத்துவாய் மகள்," என்றார். "அது நான் சொல்லப்போறது."

பேனையை வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த நிலையத்திலிருந்து அட்டை வந்தது. பின்பக்கம் கையால் எழுதியிருந்தார்கள்: 'உங்கள் மகளின் ஒலி எங்களுக்கு இங்கே கேட்ட விதம்: 55555. இவ்வளவு தெளிவாக இலங்கையிலிருந்து யாரும் எங்களை வந்தடைந்ததில்லை. மீண்டும் அழைப்போம், போனை நீங்களே எடுங்கள்.' இம்முறை முத்திரையை நான் கிழிக்கவில்லை. அப்பா அட்டையைச் சட்டம் போட்டு, என் சான்றிதழுக்கு மேலே, ஆண்டவருக்குக் கொஞ்சம் கீழே மாட்டினார். வருகிறவர்கள் கேட்டால், ஞானம் அங்கிள் பதிந்து அனுப்பிய ஒலியைப் போட்டுக் காட்டுவார். பரீதா மாமிக்கு அது இப்போது மனப்பாடம்.

மீண்டும் அழைத்தார்கள். அப்பா அந்த நாலு வரியையும் பிழையோடு, ஒரு சொல் விடாமல் சொன்னார். நான் அரிசி வாளியின் மீது உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அம்மா அகப்பையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம் மேடம், பதிவாகுது. ஒலிபரப்பும் ஆகுது," என்பார். முன்னறையிலிருந்து அப்பா எனக்குப் புள்ளி போடுவார். நாலு, ரெண்டு, மூணு, ரெண்டு என்று மனம்போனபடி ஏறும், இறங்கும். கடைசி இலக்கம் மட்டும், மொத்தத்தில் எப்படி என்பதற்கு, இதுவரை அஞ்சுக்குக் குறைந்ததில்லை.